வாறன் கிளினிக்

1

இந்த நாட்டில் ட்ராமுக்குள் ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கதைத்துப் பாருங்கள், எதிரில் இருப்பவர் தன் கால் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்குவார், பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். பேர்கன் என்ற இந்த நோர்வே நகரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மழைக்குப் பழகிவிட்டேன், உறைப்பில்லாத மீனுக்குப் பழகிவிட்டேன், இந்த மௌனத்துக்கும் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது, ஆட்கள் நிறைந்த ட்ராமுக்குள் நின்று, தொலைபேசியில் ஒரு சொல்லைத் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பெரிய மனிசியின் மடியில் கிடந்த நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் ஜெனி. பதினைந்து வயது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடும்போது ஒரு கையில் பாண் துண்டு, மற்றக் கையில் குடை. "அம்மா, போறன்!" என்பாள். கதவு அடிபடும். நான் குசினிக்குள் இருந்து கத்துவேன்.

"போறன் எண்டு சொல்லாதை! போட்டு வாறன் எண்டு சொல்லு!"

ஒருநாள் திரும்பி வந்து வாசலில் நின்று வழக்காடினாள். "அம்மா, நான் இப்ப போறன். வாறது பின்னேரம். போகேக்கை ஏன் வாறன் எண்டு பொய் சொல்லோணும்?"

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு இலக்கணம் படிப்பிக்கிறார்கள். நிகழ்காலம் எதிர்காலம் எல்லாம் தெரியும். பிள்ளை இலக்கணத்தோடு வாயடிக்கும்போது எனக்குப் பாதிக் கோபம், பாதிப் பெருமை. "உனக்கு விளங்காது, போ" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் நானே 'போ' என்று சொன்னது உறைத்தது.

2

எங்கள் ஊர் வடமராட்சி கிழக்கில் இருக்கிறது. பருத்தித்துறையில் இருந்து கரையோடு தெற்கே இறங்கிப் போகிற மணல் ஊர்களில் ஒன்று. கடற்றொழில் செய்கிற வேதக்காரச் சனம். அங்கே கடலுக்கு இறங்குகிறவன் 'போறன்' என்று சொல்லமாட்டான். தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறவளும் சொல்லமாட்டாள். 'போட்டு வாறன்' என்போம். போய்விட்டு வருகிறேன் என்பதன் சுருக்கம் அது. அவசரமென்றால் வெறும் 'வாறன்'. சண்டையில்கூட இந்த ஒழுங்கு தவறாது. அம்மாவோடு கோபித்துக்கொண்டு, கரையில் வலை வைக்கிற வாடிக்குள் படுக்கப் போகிற நாட்களிலும் அப்பா, "உன்னோடை மனிசன் இருப்பானே, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் படலையைத் தாண்டுவார்.

என் தமையன் யேசுதாசன். நான் தாசண்ணை என்பேன். அந்தக் கரையிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். படகு கரைக்கு வர முதலே அவருடைய குரல் வந்துவிடும். என்ன மீன் பட்டது, ஆரின் வலை அறுந்தது எல்லாம் வீட்டிலிருந்தே கேட்கலாம். ஞாயிறு பூசை முடிந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாரென்றால், கருவியைக் காதிலிருந்து தள்ளி வைத்துத்தான் கேட்பேன்.

மூன்று வருடத்துக்கு முதல் அந்தத் தொண்டை அடைத்துப்போனது. காரணம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடல் ஊருக்குள் வந்து வீட்டைக் கொண்டுபோனபோது தாங்கினார். பிறகு யுத்தத்தில் ஊரையே விட்டு ஓடியபோதும் தாங்கினார். எல்லாவற்றையும் தாங்கிய மனிசன், ஒன்றுமே நடக்காத ஒரு மாசி மாதத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தொழிலுக்குப் போகவில்லை. சவரம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் "ஓம்", "சுகம்", "மழை இல்லை" என்று மூன்று பதில் மட்டும் வரும்.

கண்ணூறு என்றார்கள். கடலில் எதையோ கண்டு பயந்துவிட்டார் என்றார்கள். சோம்பல் என்றும் சிலர் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் 'விசர்' என்ற சொல்லை நாளுக்குப் பத்துத் தரம் வாயில் எடுப்போம். விசர்க்கதை கதையாதை என்போம், பிள்ளையைக் கொஞ்சும்போது விசரி என்போம். உண்மையாக ஒருவருக்கு மனம் சுகமில்லாமல் வந்தால் மட்டும் அந்தச் சொல்லை விழுங்கிவிடுவோம். நல்ல வேறு சொல்லும் எங்களிடம் இல்லாததால் வருத்தத்துக்கு, அந்த நோய்க்கு, பெயரில்லாமல் போய்விடும்.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? இங்கே இருட்டு மாதங்களில் மனம் சோராமல் இருக்க எல்லோரும் மீனெண்ணெய் குடிப்பார்கள். ஊருக்குப் போன ஒருவரிடம் ஒரு பெரிய போத்தல் மீனெண்ணெய்க் குளிசை கொடுத்தனுப்பினேன். தாசண்ணையின் மனைவி றீற்றா மச்சாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவில் என்னைப் பார்த்தா.

"பிள்ளை, கடற்கரையிலை கிடக்கிற மனிசனுக்கு மீனெண்ணெய் அனுப்பியிருக்கிறாய். அடுத்த முறை ஒரு மூட்டை மணலும் அனுப்பு."

3

அந்தோனியார் பெருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு. அங்கே பின்னேரம், இங்கே மத்தியானம். நான் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டு பெருநாளைப் பற்றிக் கேட்டேன். பவனியில் அந்தோனியார் சுருவம் யார் தூக்கினது, வெடி கொளுத்தினார்களா என்றெல்லாம். அவர் ஓம், ஓம் என்றார். பிறகு நான் கேட்காமலே ஒரு வசனம் சொன்னார்.

"சரி பிள்ளை. நான் போறன்."

தொலைபேசி நின்றுவிட்டது. நான் கத்தியை வைத்துவிட்டு நின்றேன். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் பிறந்து கேட்டதில்லை. அவருக்குத் திரும்ப எடுத்தேன், பதில் இல்லை. மச்சாளுக்கு எடுத்தேன். அவ வளவில் கருவாடு புரட்டிக்கொண்டு நின்றிருக்கிறா.

"மச்சாள், அண்ணை என்னோடை கதைச்சவர். கடைசியிலை 'போறன்' எண்டு சொன்னவர்."

"என்னெண்டு?"

"போறன் எண்டு. வாறன் எண்டு சொல்லேல்லை."

மச்சாள் விளக்கம் கேட்கவில்லை. தொலைபேசியை வைக்கவும் இல்லை. மணலில் கால் புதையப் புதைய ஓடுகிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும்தான் கேட்டது. எனக்கு அது ஒரு முழு நாள் போல இருந்தது. பிறகு அவவின் குரல், என்னோடு இல்லை, அவரோடு.

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

வாடிக்குப் பின்னால் தனியே இருந்திருக்கிறார். மச்சாள் பக்கத்தில் இருந்து மூச்சை ஆற்றிக்கொண்டு நேராகக் கேட்டா. "சாக வேணும் போல கிடக்கோ?"

பிறகு தாசண்ணை சொன்னார். "ஓம்."

அந்த 'ஓம்' கேட்டு நான் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். ஆனால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இத்தனை மாதமாகச் சொன்ன 'ஓம் சுகம்' எல்லாம் பொய், இது ஒன்றுதான் மெய்.

4

திங்கட்கிழமை நான் இங்கே உதவித் தொலைபேசி இலக்கங்களை அழுத்தத் தொடங்கினேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, இசையைக் கேள். கடைசியில் ஒரு பெண் வந்தா. அண்ணை நோர்வேயில் வசிக்கிறாரா என்று கேட்டா. இல்லை என்றேன். என்ன நடந்தது என்றா. "நான் போகிறேன் என்று சொன்னார்" என்றேன்.

"எங்கே போவதாகச் சொன்னார்?" என்று மிக அன்பாகக் கேட்டா.

நான் எப்படி விளங்கப்படுத்துவேன்? நோர்வேக்காரர் பிரியும்போது போவதும் இல்லை, வருவதும் இல்லை. 'நன்றாக இரு' என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். எங்கள் ஊரில் போகிறவர் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று தொடங்கி, நானே என் நோர்வே மொழிக்குள் கால் தடக்கி விழுந்தேன். ஆனால் அந்தப் பெண்ணையும் குறை சொல்லக்கூடாது. மச்சாள் நேராகக் கேட்டது மிகச் சரி, அவரைத் தனியே விடவேண்டாம், அங்கேயே ஒரு வைத்தியரைக் கண்டுபிடியுங்கள் என்று சொன்னா.

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் டொக்டர் இருக்கிறார். மனத்துக்கான டொக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவா. அந்த நாள் போன கிழமை போய்விட்டது. பருத்தித்துறைப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைகளில் கிளினிக் என்றார்கள். அதற்கு விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும். அதை விட்டால் பிறகு வெயில் ஏறித்தான் அடுத்த பஸ், அதற்குள் இலக்கத் துண்டு கொடுத்து முடிந்துவிடும்.

தாசண்ணை மறுத்துவிட்டார். "அந்த பஸ்ஸிலை முழு ஊரும் இருக்கும். தாசன் விசர்க் கிளினிக்குக்குப் போறான் எண்டு சொல்லுவினம்."

நான் இங்கிருந்து யோசனை சொன்னேன். "வான் ஒண்டு பிடியுங்கோ மச்சாள்."

"வான் வந்து நிண்டால் ஊர் ரெண்டு மடங்கு பாக்கும்."

"அப்ப பிரசர் கிளினிக் எண்டு சொல்லுங்கோ."

"பிரசர் எண்டு சொன்னால் பிரசர்க் குளிசைதான் தருவினம். நீ அங்கை இருந்து மூளையைக் கசக்காதை. நான் பாக்கிறன்."

அந்த மூன்று நாளும் மச்சாள் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தா. கிணற்றடிக்கும் அவரையும் கூட்டிக்கொண்டு போனா.

5

வியாழன் நடந்ததை மச்சாள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். நான் குறைத்தே எழுதுகிறேன்.

பஸ் நிறைந்திருந்தது. கொண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்து, "எவடத்துக்கு அக்கா?" என்று கேட்டிருக்கிறார். மச்சாளின் தொண்டையும் சின்னத் தொண்டை இல்லை, இருபது வருடம் தாசண்ணையோடு போட்டி போட்டு வளர்ந்தது.

"ஆஸ்பத்திரியடிக்கு ரெண்டு. இவருக்கு மனம் சுகமில்லை. மருந்தெடுத்துப் போட்டு வரப் போறம்."

அண்ணை யன்னலுக்கு வெளியே குதிப்பார் போல இருந்ததாம். அவர் எழும்பாமல் மச்சாள் அவருடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தா. முன் இருக்கையில் இருந்த, சந்தைக்குப் போவதாகச் சொல்லி ஏறிய ஒரு மனிசி, தன் பையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பி மடித்தாளாம். பின்னால் வங்கிக்குப் போவதாகச் சொன்ன ஒரு வாத்தியார் தும்மினாராம்.

ஆஸ்பத்திரியடியில் இருவரும் இறங்கினார்கள். கேட்டுக் கேட்டுக் கிளினிக்கைக் கண்டுபிடித்து, வெளியே கிடந்த நீள வாங்கில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தை மனிசி வெறும் பையோடு வந்து வாங்கின் மற்ற அந்தத்தில் இருந்தாள். அதன் பிறகு வாத்தியார் வந்தார். நாலு பேரும் சுவரில் இருந்த கொசு விளம்பரத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மச்சாளுக்கு வாய் அடங்குமா? "மாஸ்டர், வங்கி இஞ்சை மாத்தியாச்சோ?"

வாத்தியார் முதலில் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். சந்தை மனிசியும் பையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணை சிரிக்கவில்லை. ஆனால் தலையைத் திருப்பி வாத்தியாரைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு சுவரை விட்டு ஒரு மனிசரின் முகத்தை அவராகப் பார்த்தது அதுதான் என்கிறா மச்சாள்.

6

டொக்டர் தென்பகுதியில் இருந்து வந்த இளம் சிங்களப் பெண். தமிழ் படித்திருக்கிறா, ஆனால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பா. என்ன நடந்தது என்று விளங்கப்படுத்த மச்சாள் என்னையும் வீடியோவில் இணைத்திருந்தா. எனக்குப் பயம். என் நோர்வே மொழியிலேயே சொல்ல முடியாததை, தமிழைத் தடவித் தடவிப் பேசுகிற ஒரு சிங்களப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வேன்? இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: சின்ன வயதில் சோதனைச் சாவடிகளில்தான் சிங்களத்தைக் கேட்டு வளர்ந்தேன். அதைக் கேட்டால் இன்றைக்கும் என் கை அடையாள அட்டையைத் தேடும்.

"அவர் போறன் எண்டு சொன்னவர்" என்றேன். மேலே விளக்கம் சொல்ல வாய் திறந்தேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தா. "வாறன் சொல்ல இல்லையா?"

"இல்லை."

"எங்கட பாசையிலயும் போறன் சொல்ல மாட்டாங்க. 'கிஹின் என்னம்' சொல்லுவாங்க. போய் வருவேன். எங்கட அம்மா, போறன் சொன்னா அடிப்பாங்க." அண்ணையின் பக்கம் திரும்பினா. "அண்ணா, நீங்க சொன்னது பெரிய சொல். எனக்கு விளங்கிச்சு."

உலகத்தின் மறு அந்தத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து ஓய்வறைக்குள், சீருடையோடு நின்று, நான் பொங்கிப் பொங்கி அழுதேன். இத்தனை நாளும் நான் விளங்கப்படுத்தப் பட்ட பாடு முழுவதையும் அந்தப் பிள்ளை ஒரு சொல்லில் தூக்கி வாங்கிக்கொண்டுவிட்டா. எந்த மொழிக்குப் பயந்து வளர்ந்தேனோ அந்த மொழிதான் என் தமையனை விளங்கிக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பயம் கொஞ்சம் இளகியது.

மனச்சோர்வு என்று வருத்தத்துக்குப் பெயர் சொன்னா. மாறுகிற, குணமாகிற வருத்தம் என்றா. குளிசை கொடுத்தா, குணம் தெரியக் கொஞ்ச நாள் செல்லும், இடையில் நிற்பாட்டக் கூடாது என்றா. நெடுநேரம் கதைத்தா. அண்ணை எழும்பும்போது கதவை மறித்த மாதிரி நின்றா.

"என்ன சொல்லிப் போகணும்?"

அண்ணை நிலத்தைப் பார்த்து, "வாறன்" என்றார்.

"எப்ப?"

"...அடுத்த வியாழன்."

"சரி. திகதி இல்லாத வாறன் எனக்கு வேணாம்."

7

குணமாவது நேர்கோட்டில் நடக்கவில்லை. குளிசை முதலில் நித்திரையைத்தான் கொடுத்தது. ஒருமுறை தானாக நிற்பாட்டி மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினார். மச்சாள் ஏசி, மன்றாடி, பஸ்ஸில் ஏற்றினா. ஆனால் வியாழக்கிழமை பஸ்ஸில் இப்போது சந்தை மனிசியும் வாத்தியாரும் சேர்ந்து இருந்தார்கள். பிறகு எங்கள் கரையில் இருந்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். மச்சாள் பஸ்ஸில் கத்திய கதை ஊர் முழுக்கப் போயிருந்தது. சிரித்தவர்கள் பலர். சிலர் பின்வளவால் வந்து, "றீற்றா, அந்த டொக்டர் எந்தக் கிழமை?" என்று கேட்டார்கள்.

ஒரே பஸ்ஸில் இத்தனை பேர் வந்து இறங்குவதைப் பார்த்த டொக்டர், இந்தச் சனம் ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறா. மச்சாளும் வாத்தியாரும் கையெழுத்துச் சேர்த்து, பங்குச் சாமியாரிடம் மண்டபமும் கேட்டு, எத்தனையோ அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறி இறங்கினார்கள். இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு முறை எங்கள் ஊர் மாதா கோவில் மண்டபத்திலேயே கிளினிக் நடக்கிறது. டொக்டர் இடமாற்றத்தில் போகும் மட்டும் அவவே வந்தா. இப்போது வேறொருவர் வருகிறார், ஆனால் வழக்கம் மாறவில்லை. கதவடியில் ஒவ்வொருவரும் 'வாறன்' சொல்லி, எப்ப என்றும் சொல்ல வேண்டும்.

அதனால் ஊரில் ஒருவரும் அதை விசர்க் கிளினிக் என்பதில்லை. 'வாறன் கிளினிக்' என்கிறார்கள். எத்தனையோ வருடம் பெயரில்லாமல் கிடந்த வருத்தத்துக்கு ஒரு கதவும் அதற்கொரு பெயரும் எங்கள் சனமே வைத்துக்கொண்டது. எனக்கு அதை நினைக்க நெஞ்சு நிமிர்கிறது.

அடுத்த சித்திரையில் அண்ணை மறுபடி கடலுக்கு இறங்கினார். தொலைபேசியை மறுபடி காதிலிருந்து தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

8

இனி நேற்று நடந்தது.

அந்தோனியார் பெருநாள் முடிந்த கிழமை. அண்ணை பெருநாள் கதை சொல்ல எடுத்திருந்தார். நான் வேலை முடிந்து ட்ராமுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மழை. காலையில் ஜெனி சொன்ன சொல் நாக்கில் ஒட்டிக்கிடந்ததோ என்னவோ, ட்ராம் கதவு திறந்த அவசரத்தில், "சரி அண்ணை, நான் போறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னது எனக்கே தெரியாது. தொலைபேசியைப் பைக்குள் போட்டேன்.

அஞ்சாறு தரிப்பு தாண்டி, அவளுடைய பள்ளிக்கூடத்தடியில் ஜெனி ஏறினாள்; நான் எந்த ட்ராமில் வருவேன் என்று அவளுக்குத் தெரியும். மூச்சு வாங்கியது, குடைகூட இல்லை. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். என்னைக் கட்டிப்பிடித்து எத்தனை நாள்!

"அம்மா, என்ன செய்தனீங்கள்? மாமா எனக்கு எடுத்தவர். உங்களைத் தனிய விட வேண்டாமாம். றீற்றா மாமியும் எடுத்தவ. நீங்கள் ஏன் போன் எடுக்கேல்லை?"

பையைத் திறந்தால் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. அதே நேரம் மறுபடி அடித்தது.

"பிள்ளை!" தாசண்ணையின் குரல் ட்ராம் முழுக்கக் கேட்டது. "என்ன சொன்னனீ இப்ப?"

"என்ன சொன்னனான்?"

"போறன் எண்டு சொன்னனீ. நித்திரை கொள்ளுறியோ? சாப்பிடுறியோ? சாக வேணும் போல கிடக்கோ? வெக்கப்படாமல் சொல்லு. இது வருத்தம், மாறும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஐயோ அண்ணை, இல்லை. நாக்குப் பிசகிப்போச்சு. ட்ராமுக்கு ஓடினனான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப ஒழுங்காச் சொல்லு."

"வாறன்."

"கேக்கேல்லை."

அப்போதுதான் நான் கத்தினேன். "வாறன் அண்ணை!" நாய் பார்த்தது. சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜெனி வெட்கத்தில் செத்துப்போவாள் என்று நினைத்தேன். அவள் என் கையை விடவில்லை. அவளுக்கு இனி அந்தச் சொல்லை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அண்ணை விடவில்லை. "எப்ப?"

"என்ன எப்ப?"

"எங்கடை கிளினிக்கிலை திகதி இல்லாத வாறன் எடுபடாது. எத்தினை வருசமா வாறன் வாறன் எண்டு சொல்லுறாய். எப்ப வாறாய்?"

அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. லீவு, வீட்டு வேலை, பிள்ளையின் பள்ளிச் சோதனை என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாட்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வாறன்.

"மார்கழியிலை, நத்தாருக்கு" என்றேன். சொன்ன பிறகு அது மெய்தான் என்று தெரிந்தது. "இந்த நத்தாருக்கு வாறன் அண்ணை."

ஜெனி தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தாள். ட்ராம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். மாமாவின் தொண்டையில் பாதியாவது அவளுக்கும் வந்திருக்கிறது என்று நான் அப்போதுதான் கண்டேன்.

"மாமா, நானும் வாறன்!"